எட்டுக்காரர்

போட்டிக்கு முன்னால் அவர் மூன்று முறை கை கழுவுவார். சோப்புப் போட்டு ஒரு முறை, வெறும் தண்ணீரில் இரண்டு முறை. பிறகு ஈரக் கையை முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை அகல விரித்து, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்துக் குழாயில் நின்று ஒரு நாள் அதைப் பார்த்தேன். சகுனம் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். எனக்கு அப்போது எதுவும் தெரியாது.

அவர் எங்கள் லிஃப்ட் கம்பெனியில் மூத்த மெக்கானிக். பத்தொன்பது வயதில் கையாளாகச் சேர்ந்தவர், இப்போது நாற்பத்தேழு. நான் அதே கம்பெனியில் மேஜை வேலை. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுபோயிருக்கிறது, யார் போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் பட்டியல் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என்னைப் பில்லியர்ட்ஸ் ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனது, நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அவர்தான். "அறையில தனியா உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்கு, வந்து பந்து உருள்றதயாவது பாரு" என்றார்.

அந்த ஹாலில் அவருக்குப் பெயர் 'எட்டு'. அங்கே விளையாடும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. பலமான ஆளுக்குப் பெரிய நம்பர், நோஞ்சான் ஆளுக்குச் சின்ன நம்பர். உங்கள் நம்பர் என்னவோ அத்தனை ஆட்டம் ஜெயித்தால் போட்டி உங்களுடையது. அதாவது, ரொட்டி வண்டி ஓட்டுகிற ஓட்டைவாய்க்கு நம்பர் இரண்டு. அவனோடு மோதும்போது அண்ணன் எட்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும்; அவனுக்கு இரண்டு போதும். ஊரில் இத்தனை ஹால் இருந்தும் எட்டு நம்பர் ஆள் அவர் ஒருவர்தான். எட்டு நம்பர்க்காரனுக்குத் தப்புச் செய்ய இடம் கிடையாது. ஒரு பந்து குழி வாயில் நின்று விழாமல் போனால் ஓர் ஆட்டம் போயிற்று. இன்னொன்று போனால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

முன்பெல்லாம் இந்த நம்பர்களை ஹால்காரம்மா கண்ணால் பார்த்தே போடுவாராம். புருஷன் போன பிறகு தனியாக அந்த ஹாலை நடத்துகிறவர். குரலுக்கே பந்துகள் ஒதுங்கும். ஆனாலும் வாராவாரம் சண்டை. "உனக்கு வேண்டியவன்னா மூணு, வேண்டாதவன்னா அஞ்சா?" என்று ஒருவன் கேட்டுவிட்டானாம். அந்த நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன்.

"என்னப்பா படிச்சிருக்க?"

"புள்ளியியல்மா. டிகிரி."

"அப்பாடா. இனிமே திட்டு வாங்கறது நீ" என்று நோட்டை என் கையில் திணித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எங்கள் தெருவிலேயே முதல் பட்டம் என்னுடையது. "புள்ளி வைக்கறதுக்கு மூணு வருஷமா?" என்று சித்தப்பா கேட்டார். அந்தக் கேள்விக்கு முதன்முதலாகப் பதில் கிடைத்தது அந்த ஹாலில்தான். ஒவ்வொருவரின் கடைசி இருபது போட்டிகளை எடுத்து, யாரோடு மோதினார், எத்தனை ஆட்ட வித்தியாசம் என்று பார்த்து, ஒரு சூத்திரம் அமைத்தேன். பின்னம் வந்தால், அரையோ அதற்கு மேலோ என்றால் மேலே, அரைக்குக் கீழே போனால் கீழே. கறுப்புப் பலகையில் சாக்பீஸால் நம்பர்களை எழுதினேன். இரண்டே வாரத்தில் சண்டை நின்றது. எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் கூடியது உண்மை.

அந்த அங்குலம்தான் வினையாயிற்று.

ஒரு ஞாயிறு அண்ணனுக்கும் ஓட்டைவாய்க்கும் போட்டி. ஏழுக்கு ஒன்று. இருவருக்குமே இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி. மேஜையில் கறுப்புப் பந்து மட்டும் மீதி, நேர்கோட்டில் குழி. நான்கூடப் போட்டுவிடுவேன். அண்ணன் குனிந்தார், க்யூ கோலை வைத்தார், எழுந்தார். மறுபடி குனிந்தார். நெற்றி வியர்வை பச்சைத் துணியில் சொட்டியது.

"அண்ணே, பந்து முட்டை போட்டுடும் போலிருக்கே! சீக்கிரம் அடிங்க" என்றான் ஓட்டைவாய்.

அடித்தார், விழுந்தது, ஜெயித்தார். க்யூவைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனார். ஐந்து நிமிடம் ஆகியும் வராததால் போய்ப் பார்த்தேன். குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "வெயில்" என்றார். அன்று வெயிலே இல்லை.

திரும்பி வந்தபோது ஓட்டைவாய் சும்மா இருக்கவில்லை. "எதுக்குண்ணே இந்த அவஸ்தை? ரெண்டு போட்டி வேணும்னே தோத்துடுங்க. நம்பர் தானா எறங்கும். ஒடம்பும் தேறும்."

அண்ணன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். "அந்தப் பேச்ச இன்னொரு தடவ எடுத்த, தொலச்சிடுவேன்" என்றார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

பாவம், நம்பரின் பாரம் தாங்கவில்லை, கேட்கவும் ரோஷம் விடவில்லை என்று நானாக முடிவு கட்டினேன். அடுத்த வாரக் கணக்கில் அவருக்கு ஏழு புள்ளி எட்டு வந்தது. எட்டு என்று எழுத வேண்டும். நான் ஏழு என்று எழுதினேன். நோட்டு என் கையில், சூத்திரம் என் மண்டையில், கேட்க ஆளில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தோடு பலகையைச் சுவரில் மாட்டினேன்.

அண்ணன் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். கையில் இருந்த க்யூப் பை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தம்பி, கணக்கா சொல்லுது?" என்றார்.

சுற்றிலும் பத்துப் பேர். தாட்சண்யம் பார்த்து நம்பர் போட்டேன் என்று தெரிந்தால் பழைய சண்டை திரும்பும். "ஆமாண்ணே, கணக்குதான்" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று விளையாடவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

வேலையிலும் ஏதோ சரியில்லை. காலையில் பட்டியலை வாங்கியதும், "பிரேக் வேலைய வேற யாருக்காவது போடு தம்பி. நான் பட்டன், விளக்கு, கதவு பாத்துக்கறேன்" என்பார். இருபத்தெட்டு வருஷ மெக்கானிக், லிஃப்ட்டில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். மேலாளர் என்னிடம், "என்னய்யா, உங்க அண்ணனுக்கு வேல கசக்குதா?" என்று கேட்டார். எதுவென்று தெரியாமலே ஏதோ செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

பத்தாம் நாள் அண்ணி போன் செய்தார். அவருடைய வீட்டுக்காரி, துணிக்கடையில் அளவெடுக்கிற வேலை, எதையும் அளந்துதான் பேசுவார்.

"தம்பி, அங்க எதாவது நடந்துச்சா? தண்ணி டம்ளர ரெண்டு கையால பிடிச்சுக் குடிக்கறாரு. டீ பாதி டம்ளருக்கு மேல ஊத்தக் கூடாதுங்கறாரு. கேட்டா எரிஞ்சு விழறாரு."

"கை நடுங்குதா அண்ணி?"

"நடுங்கல. அதான் பயமா இருக்கு. நடுங்காத கைக்கு இப்படிப் பயப்படறாரு." அண்ணி தொடர்ந்தார். "உங்களுக்குத் தெரியாதுல்ல. எங்க மாமனாருக்கு நாப்பத்தெட்டு வயசுல கை நடுக்கம் ஆரம்பிச்சுது. கம்பவுண்டரா இருந்தாரு, ஊசி போடறவரு. மொதல்ல ஜனங்க ஒண்ணும் சொல்லல. சும்மா வேற எடம் பாத்துப் போயிட்டாங்க. ஆறு மாசத்துல சட்டப் பட்டன் அத்தை போட்டுவிட வேண்டியதாயிடுச்சு. இவருக்கு வர்ற மாசம் நாப்பத்தெட்டு."

போனை வைத்த பிறகு நான் எழுதிய அந்த ஏழு கண் முன்னால் நின்றது. அவர் அதை என்னவென்று படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மத்தியானமே அவரைத் தேடிப் போனேன். பன்னிரண்டு மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் மோட்டார் அறை. கிரீஸ் வாசனை, பெரிய சக்கரம், அதில் தொங்கும் இரும்புக் கயிறுகள். அண்ணன் ஓரமாக ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார். வேறொரு மெக்கானிக் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் கீழே ஸ்பேனர் எடுக்கப் போன நேரத்தில் சொன்னேன்.

"அண்ணே, அந்த ஏழு கணக்கு இல்ல. நான் போட்டது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க வாந்தி எடுத்ததப் பாத்தேன். கஷ்டப்படறீங்கன்னு கொறச்சு எழுதினேன். கணக்குல எட்டுதான் வந்துச்சு. ஏழு புள்ளி எட்டு. சத்தியமா."

எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தோளைப் பிடித்தார். பிடித்த கை இரும்பு மாதிரி இருந்தது.

"முப்பது வயசுல நான் ஏன் க்யூவத் தொட்டேன்னு நெனக்கிற? ஆசைக்கா? டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் பாப்பாரு. அந்த மேஜை வாராவாரம் பாக்குது. ஒரு நூல் அளவு கை ஆடினாலும் பந்து காட்டிக் குடுத்துடும். அந்த நம்பர நம்பித்தான்டா நான் லிஃப்ட் கேபின் மேல ஏறறேன். அதுக்குக் கீழ ஆளுங்க நிக்கறாங்க, கொழந்தைங்க நிக்குது." பிடியை விட்டார். "அதுல போயி நீ எரக்கத்தக் கலந்துட்டியே."

"ஓட்டைவாய் தோக்கச் சொன்னப்ப அதனாலதானா..."

"வேணும்னு ஒரு பந்த விட்டேன்னு வெச்சுக்க. அடுத்த பந்து தானா தப்பினா? எது நான் விட்டது, எது கை விட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. நம்பரில் நான் விரல் வைக்கக் கூடாது, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கணக்கே இறங்கினால், மறுநாளே அவர் டாக்டரிடம் போவார். அதுவரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. மேலே வந்த மெக்கானிக்கிடமிருந்து ஸ்பேனரை வாங்கி, "நகரு" என்று பிரேக் பக்கம் உட்கார்ந்தார்.

எட்டு மறுபடி பலகைக்கு வந்தது. அவர் பயம் போயிற்றோ இல்லையோ, என் பயம் தொடங்கியது. சனிக்கிழமைக் காலையில் நோட்டைத் திறந்தாலே உள்ளங்கை ஈரமாகும். ஏழு புள்ளி எட்டு. ஏழு புள்ளி எட்டு. ஏழு புள்ளி ஏழு. ஞாயிறு மத்தியானம் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் வலது மணிக்கட்டையே பார்த்தேன். சில சமயம் க்யூவின் நுனி ஆடியது போலிருக்கும். அது நுனியா, என் கண்ணா? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொள்வேன். நான் பார்த்ததைக் கணக்கில் சேர்க்க எனக்கு உரிமையில்லை.

ஐந்தாம் மாதம் ஓட்டைவாயிடம் தோற்றார். அவன் மேஜையைச் சுற்றி ஓடினான். "எட்ட விழுங்கிட்டேன்! வீட்ல சோறு வேணாம்னு சொல்லுங்க!" அண்ணனும் சிரித்தார். அடுத்த வாரம் ஹால்காரம்மாவிடமே தோற்றார். அந்த அம்மாள் விளையாடுவதே வருஷத்துக்கு நாலு தடவை. அதற்கடுத்த வாரம் ஜெயித்தார், ஆனால் திக்கித் திணறி.

சனிக்கிழமை கணக்குப் போட்டேன். ஏழு புள்ளி நாலு ஆறு.

தாளைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்றாம் முறை கடைசி வரியிலிருந்து தலைகீழாகப் போட்டேன். ஏழு புள்ளி நாலு ஆறு. இன்னும் நூறில் நாலு பங்கு இருந்தால் எட்டு. ஒரு பழைய போட்டியில் ஒரே ஓர் ஆட்டத்தை மாற்றி எழுதினால் போதும். பேனா தாளின் மேல் எவ்வளவு நேரம் நின்றதோ, அந்த இடத்தில் மை ஊறிப் பொட்டாகிவிட்டது. பிறகு அந்த லிஃப்ட்டுகளை நினைத்தேன். திங்கட்கிழமை அவருக்கு எந்தக் கட்டடம் என்று பட்டியலில் எழுதியிருந்ததும் நான்தான். அது ஒரு பள்ளிக்கூடம்.

ஞாயிறு பலகையில் ஏழு என்று எழுதினேன். சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

அவர் வந்து பார்த்தார். பை இந்த முறை விழவில்லை.

"நீயா, கணக்கா?"

"கணக்குண்ணே."

"எவ்வளவு?"

"ஏழு புள்ளி நாலு ஆறு."

பக்கத்தில் நின்ற ஓட்டைவாய், "சே, ஏழரைகூட இல்லியா? இருந்தா சனி பிடிச்சிருக்குன்னாவது சொல்லியிருக்கலாமே" என்றான். எப்போதும் சிரிக்கிற கூட்டம் சிரித்தது. அண்ணன் கை கழுவப் போனார். மூன்று முறை. வந்து விளையாடி, ஒரு பந்துகூடத் தப்பாமல் ஏழு ஆட்டங்களை வரிசையாக ஜெயித்தார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. "அண்ணே, பாத்தீங்கல்ல! அடுத்த வாரம் எட்டு வந்துடும்!"

அவர் க்யூவைத் திருகி இரண்டாகக் கழற்றினார். "அடுத்த வாரம் வரட்டும். பேச்சு பேச்சுதான். பள்ளிக்கூடத்துக்கு வேற ஆளப் போடு. எனக்கும் லீவு எழுது, உனக்கும் எழுது. உங்க அண்ணியக் கூட்டிட்டுப் போனா வழியெல்லாம் அழுவா."

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் என் வயதுப் பெண். கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். "நடுவுல ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி வெளிய வாங்க. நத்தைக் கூடு மாதிரி. கை மேஜையில படக் கூடாது."

அண்ணன் குனிந்தார். எழுந்தார். மறுபடி குனிந்தார், கறுப்புப் பந்துக்குக் குனிகிற அதே குனிவு. நான் சுவரோரம் உட்கார்ந்து என் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டேன். பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதல் சுற்று வழுவழுவென்று வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில், நான் உட்கார்ந்திருந்த தூரத்திலிருந்தே தெரிந்தது: கோட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள்.

அவர் பேனாவை வைத்துவிட்டு, டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் தானே தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏழுதான் தம்பி" என்றார். "சரியாத்தான் போட்டிருக்க."

"என்ன ஏழு?" என்று கேட்டார் டாக்டர்.

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மேஜைமேல், மறைக்காமல் வைத்தார்.

"எங்கப்பா ஊசி போடறவரு டாக்டர்" என்று ஆரம்பித்தார்.