சீராக வந்த சுனாபட்டி லைன்

வந்தனாவைத் தெரியவந்தது ஒரு கல்யாணப் பத்திரிகையால்தான். மும்பையில் சுனாபட்டி ரயில்வே கேட்டருகே சைக்கிளை நிறுத்தி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேரியரில் இட்லி டப்பா, ஹேண்டில்பாரில் சட்னி வாளி. டிகிரி முடித்த கையோடு வேலைக்கு வந்து பக்கத்துச் சந்தில் அறை எடுத்திருந்த ஒருவன், அதாவது இதை எழுதுகிறவன், நின்றபடியே இட்லி தின்றுகொண்டு தமிழ்ப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்களுக்கு இதெல்லாம் படபடன்னு வாசிக்க வருமா?"

வரும் என்றதும் மறுநாள் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்திருந்த பத்திரிகையைக் கொண்டுவந்தாள். அவளுடைய கல்யாணப் பத்திரிகைதான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இந்தி மீடியத்தில் படித்தவள். தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள். வாசிக்கச் சொன்னால் தன் பேரை மட்டும் எழுத்துக்கூட்டிக் கண்டுபிடிப்பாள்.

'சுனாபட்டி இட்லி லைன் உரிமையாளர் திரு. பூலோகம் அவர்களின் ஏக புத்திரியும், லைனின் ஒரே வாரிசுமான சௌபாக்கியவதி வந்தனா' என்று வாசிக்கக் கேட்டதும், சட்னிக் கரண்டியைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எப்பா இப்படியா போட்டிருக்காவ! மகாராணிக்குப் போடுத மாதிரில்லா இருக்கு." சிரிப்பு அடங்கியதும், "வாரிசுன்னு என்னையப் போட்டிருக்குன்னு அப்பவே யாராவது வாசிச்சுக் காட்டியிருக்கலாம். எட்டு நாள் உப்புமா திங்காமயாவது தப்பிச்சிருக்கலாம்" என்றாள்.

அந்த உப்புமாவின் கதை காலை இட்லிகளுக்கு நடுவே பல தவணைகளில் வந்தது.

தாராவியில் வீட்டில் இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு லைன் உண்டு. இன்ன தெருவிலிருந்து இன்ன தெரு வரை ஒருவருடைய ஹார்ன்தான் கேட்கலாம். பத்திரம் கிடையாது, முத்திரை கிடையாது. ஆனாலும் அடுத்தவன் லைனில் ஹார்ன் அடித்தால் அது வீடு புகுந்த மாதிரி. திசையன்விளைப் பக்கமிருந்து வந்த பூலோகம், கேட்டிலிருந்து செம்பூர் எல்லை வரை முப்பது வருஷம் மிதித்து உண்டாக்கிய லைன் அது. ஆண் பிள்ளை இல்லை. அவருக்கு முட்டி மடங்காமல் போனபோது வந்தனாவுக்குப் பதினெட்டு வயது. தகரக் குரலில் கத்தும் அந்த ரப்பர் ஹார்னை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். மும்பையில் இட்லி விற்கிற யாரும் 'அண்ணா'தான். பின்னலைப் பார்த்த பிறகும் மூன்றாம் மாடிப் பெண்கள் "ஓ அண்ணா!" என்றே கூப்பிட்டார்கள். அவளும் 'இதோ வந்துட்டேன்' என்பதை இந்தியில் "ஆயீ!" என்று பெண்பாலிலேயே குரல் கொடுத்தாள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் சயான் லைன். அது பூதத்தானுடையது. அவர் ஆட்கள் கேட்டைத் தாண்டி வந்து ஹார்ன் அடிப்பார்கள். ஒருமுறை சட்னி வாளிகள் இரண்டும் ரோட்டில் கவிழ்ந்தன. கோயில் கொடை விழாவில்கூட இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். வேறு வழி தெரியாமல் கோயில் கமிட்டிக்காரர்கள்தான், "பொண்ணக் குடுத்துப் பிரச்சினைய முடிங்கப்பா" என்றார்கள்.

மாப்பிள்ளை பூதத்தான் மகன் கிருஷ்ணா. கேட் மூடியிருக்கும்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தினமும் நிற்பவன்தான். கேட் திறந்ததும் மற்றவர்கள் ஹார்னோடு இந்தப் பக்கம் பாய்வார்கள். அவன் மட்டும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். வந்தனா அதைக் கவனித்து வைத்திருந்தாள். அம்மா கேட்டபோது தலையாட்டினாள்.

நிச்சயத்தன்று பூதத்தான் சபையில் சொன்னார்: "நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம். சுனாபட்டி லைன் எம்பையனுக்குச் சீரா வந்துரணும்."

"வந்துரும் வே. எம்பொண்ணு மழையில நனைஞ்சது போதும். உங்க வீட்டுலயாவது ராணியா உக்காந்திருக்கட்டும்" என்றார் பூலோகம்.

காபித் தட்டோடு கதவருகில் நின்ற வந்தனா அதைக் கேட்டாள். ஐந்து வருஷமாக அந்த லைனில் அவள் நாள் விடிந்துகொண்டிருந்தது. இனி சைக்கிள் தினமும் வாசலைத் தாண்டிப் போகும், அவள் கிரைண்டருக்குப் பக்கத்தில் இருப்பாள். அதைப் பற்றி அவளை ஒருவரும் கேட்கவில்லை. நிறைந்த சபையில் தானாக வாய் திறக்கவும் வரவில்லை. காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் மாமனார் வீட்டு ஹார்னோடு கிருஷ்ணா சுனாபட்டி லைனில் இறங்கினான். பத்தரை மணிக்குத் திரும்பியபோது டப்பாவில் பாதிக்கு மேல் இட்லி இருந்தது. மறுநாளும் அப்படியே. அத்தை மிஞ்சியதை உதிர்த்துத் தாளித்து உப்புமாவாக்கினாள். காலையில் உப்புமா, மத்தியானமும் உப்புமா.

கிருஷ்ணா லைனில் இறங்கிய ஏழாம் நாள் பூதத்தான் நேராகப் பூலோகம் வீட்டுக்குப் போனார். "லைனைக் குடுத்துட்டுப் பின்னால ஆள் வெச்சுக் கெடுக்கீரோ?"

"என்ன வே சொல்லுதீரு? பெத்த பொண்ணையே குடுத்திருக்கேன்!"

சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. வந்தனா காதுக்கும் வந்தது. இரண்டு வீட்டையும் சேர்த்துவைக்க வந்தவளாலேயே மறுபடி வாளி கவிழப்போகிறது. மறுநாளும் டப்பா அப்படியே திரும்பிவந்தது. அன்று சாயங்காலம் அவள் கிருஷ்ணாவை உட்காரவைத்துக் கேட்டாள்.

"மொத எங்க நிறுத்துனிய?"

"கேட்டுல. அப்புறம் வரிசையா ஒவ்வொரு பில்டிங்கா."

"வரிசையாவா!" நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மஞ்ச பில்டிங் முன்னால ஹார்ன் அடிச்சியளா?"

"அடிச்சேன். மேல இருந்து ஒரு அம்மா மராத்தில கிழி கிழின்னு கிழிச்சுட்டா."

"கிழிக்காம? மூணு மாசப் புள்ள தூங்குது. அங்க சும்மா நின்னாப் போதும், அவளே எட்டிப் பாப்பா. ஏழு பத்து ட்ரெயின்ல ஆஸ்பத்திரி ஆயாமாரு நைட் டூட்டி முடிச்சு இறங்குவாவ. அவியளுக்காகத் திரும்பக் கேட்டுக்கு வரணும்."

"போன வழியே திரும்பியா?"

"நாலு தடவ."

பால்காரன் காலண்டரின் பின்பக்கத்தில் கிருஷ்ணா எழுத ஆரம்பித்தான். யாருக்குக் காரச் சட்னி ஆகாது, எந்த வாட்ச்மேனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகலாம், செவ்வாய்க்கிழமை யார் சாப்பிடமாட்டார்கள். தாள் நிறைந்தது. அவள் இன்னும் செம்பூர்ப் பக்கமே போகவில்லை. அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு நீ வாரியா?"

"மாமா விடுவாவளா?"

அவன் காலண்டரைச் சுருட்டி வைத்தான். அப்பாவிடம் கேட்க அவனால் ஆகாது என்று அவளுக்குப் புரிந்தது.

ஒன்பதாம் நாள் காலை யாரிடமும் கேட்காமல் டப்பாவைத் தூக்கிக் கேரியரில் வைத்தாள். குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பூதத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, எங்க கிளம்பிட்ட?"

"நீங்க கேட்டு வாங்குன சீருதான் மாமா. வீட்டுல கெடந்து வீணாப் போவுதுல்லா. எடுத்துட்டுப் போறேன்."

வாய் நிறையப் பேஸ்ட் நுரை. அவரால் துப்பவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. கிருஷ்ணா வந்து கேரியர் பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. அந்த ஒரு இழுப்பை வந்தனா இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறாள்.

டப்பா காலியாகத் திரும்பியது. அன்றைக்கு உப்புமா இல்லை. சாயங்காலம் பூதத்தான் சம்பந்தி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "உம்ம மக லைனை மண்டைக்குள்ளல்லா வெச்சிருக்கா. நீரு எனக்குக் குடுத்தது வெறும் ரோடு வே" என்றார்.

பூலோகத்துக்கு அதில் சந்தோஷமில்லை. "ராணியா இருக்கட்டும்னு அனுப்புனேன். அங்க போயும் சைக்கிளத்தான் மிதிக்கா" என்று ஒரு மாசம் மகளோடு பேசவில்லை. தான் பட்டது அவள் படக்கூடாது என்றுதான் மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்தார். அது வந்தனாவுக்கும் தெரியும். அப்பா சொன்னதும் பொய்யில்லை. மழைக்காலத்தில் அவளுக்கு இடது முட்டி வலிக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. பேப்பர் வாசிக்கிற இந்த வாடிக்கைக்காரனிடம் சொன்னாள்.

வந்தனாவுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. மஞ்ச பில்டிங்கைப் புதிதாகக் கட்ட இடித்துவிட்டார்கள். அதிலிருந்த பாதிப் பேர் நவி மும்பையில் கோபர்கைரனே பக்கம் போய்விட்டார்கள். லைன் முன்னைவிடக் குட்டையாகிவிட்டது. பூலோகம் ஊரில் இருக்கிறார். கிருஷ்ணா சயான் லைனைப் பார்க்கிறான். சுனாபட்டி லைன் வந்தனாவிடம் இருக்கிறது. தினமும் ஏழு பத்து ட்ரெயினுக்கு அவள் கேட்டருகே நிற்கிறாள்.