மாமாவின் ரைட்

எங்கள் மாமாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு சொல்தான். ரைட். அதை வைத்துக்கொண்டு அவர் நடத்திய ராஜ்யத்தைப் பார்த்து, இங்கிலீஷ் பாஷையே அவ்வளவுதான், மாமா அதைக் கரைத்துக் குடித்துவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா சோறு போடும்போது இலைக்குக் குறுக்கே கையை நீட்டி "ரைட்" என்றால் போதும் என்று பொருள். என் பலகையில் உள்ள கணக்கைப் பார்த்து "ரைட்" என்றால் விடை சரி. அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தால் "ரைட், ரைட்" என்பார். ஆளை விடு என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலே, வாலாஜாபாத் போகும் மோட்டார் பஸ்ஸின் படியில் நின்று அவர் "ரைட்" என்று குரல் கொடுத்தால் அவ்வளவு பெரிய வண்டி உறுமிக்கொண்டு நகரும். பிள்ளையார்பாளையத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு மாமா இருந்தார்? எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்பாவுக்கோ அந்தச் சொல் காதில் விழுந்தாலே ஆகாது. அம்மாவின் தம்பியைத் தறியில் உட்காரவைத்து வேலை பழக்கியவரே அவர்தான். பாதிப் புடவையைத் தறியிலேயே விட்டுவிட்டு மாமா ஒரு நாள் எழுந்து போய்க் கண்டக்டராகிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அப்பா இல்லாத நேரம் பார்த்து மாமா வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அது அப்பாவுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

அன்றைக்கு ஊரில் கருடசேவை. மறுநாள் விடிந்தால் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தப் புடவை அப்பா நெய்தது. அதைத் தறியிலிருந்து அறுத்து, மடித்து, துணியில் சுற்றிக்கொண்டு நாங்கள் ஓடுவதற்குள் ரயில் போய்விட்டது. கல்யாணச் சாப்பாட்டு ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டிருந்தேன். திருவிழாக் கூட்டத்தில் ஒரு ஜட்காவும் அகப்படவில்லை. மீதி இருந்தது மாமாவின் பஸ்தான்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் அப்பா புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டிக்கு எதிரே இருந்த புளியமரத்தடியில் போய் நின்றுவிட்டார். படியில் மாமா நிற்கிறார். ஏறுவதானால் அவரை உரசிக்கொண்டுதான் ஏற வேண்டும், ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். டிரைவர் ஹாரனை அழுத்தினார். "இன்னாபா, வண்டி எடுக்கிற எண்ணம் இருக்குதா இல்லியா?" என்று உள்ளேயிருந்து ஒருவர் சத்தம் போட்டார். மாமா ரைட் சொல்லவில்லை. அப்பா அசையவில்லை. இந்த வண்டியும் போய்விட்டால் மணப்பெண் எதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா இறங்கி என்னிடம் வந்தார். இரண்டு டிக்கெட்டை என் கையில் திணித்தார்.

"பாப்பா, மேல மூட்டைங்க எல்லாம் ஆடுது, நான் போய்ப் பாக்கணும். இன்னிக்கி நீதான் கண்டக்டரு. அப்பா ஏறி ஒக்காந்ததும் ரைட் சொல்லு. கணீர்னு சொல்லணும், தெரிதா?"

சொல்லிவிட்டு வண்டியின் பின்புறம் போய் ஏணி வழியாகக் கூரைமேல் ஏறிவிட்டார். நான் படியில் போய் நின்றுகொண்டேன். அப்பா மாமா இல்லாத படியைப் பார்த்தார்; அக்கம்பக்கம் பார்த்தார்; பிறகு விறுவிறுவென்று வந்து ஏறி உட்கார்ந்தார்.

"ரைட்!"

வண்டி நகர்ந்தது. சத்தியமாக நகர்ந்தது. வழியில் ஆள் இறங்கிய இடத்திலெல்லாம் டிரைவர் என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். நான் சொன்ன பிறகுதான் கிளம்புவார். அப்பா அவ்வப்போது கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். வைகாசி வெயிலில் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது.

வாலாஜாபாத்தில் இறங்கியதும் அப்பா நேரே கல்யாண வீட்டுக்கு நடக்கவில்லை. வண்டியின் பின்னால் போய் நின்றார். மேலே வாழைக்கட்டுகளுக்கு நடுவே மாமா புழுதி அப்பிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"எறங்குபா. வெயில்ல எம்மாம் நேரம் ஒக்காந்துகினு இருப்ப?" என்றார் அப்பா.

"ரைட் மாமா" என்று அப்பாவுக்குப் பதில் கொடுத்தார் மாமா. குரல் கம்மியிருந்தது. நான் சொன்ன ரைட் அதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது என்று அப்போது எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் தெரு முழுக்க இந்தக் கதையைச் சொல்லித் தீர்த்தேன். கண்டக்டருக்கென்று படியருகே விட்டிருந்த இடம் வழியெல்லாம் காலியாகவே வந்தது. மாமா ஏன் அதில் வந்து உட்காரவில்லை என்று யாரையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்லி வண்டி நகர்ந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்.