இடப்பக்கம் கேட்ட கைதட்டல்

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். அப்போது நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருப்பும் அங்கேயே, குவார்ட்டர்ஸில். எங்களுக்கு ஒரே பெண், எட்டு வயது.

பள்ளிக்கூடத்தில் அவள்மீது எப்போதும் ஒரே புகார்தான்: கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், பிடிவாதக்காரி. வீட்டிலும் அப்படித்தான். சில சமயம் டக்கென்று பதில் வரும், சில சமயம் சுவரிடம் பேசுவது போல இருக்கும். ஒருமுறை கோபத்தில் முதுகில் அடித்தும்விட்டேன். நாலு பிள்ளைகளோடு பழகினால் சரியாகிவிடும் என்று, அந்த லீவில் அவளை எங்காவது சேர்த்துவிட நினைத்தோம்.

என் மனைவிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி நடத்திய ஸ்லோக வகுப்பின் மேல் ஆசை. எனக்கோ கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் கல்லூரிப் பெண்கள் நடத்திய கோடை முகாம்தான் பிடித்திருந்தது. காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துவரலாம்; ஓட்டம், பாட்டு, காகிதத்தில் பொம்மை செய்வது என்று நாள் முழுக்கக் குழந்தைகளுக்கு வேலை இருக்கும். இரண்டு இடத்திலும் ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஒத்துக்கொண்டோம்.

ஸ்ரீரங்கத்து மாமி நல்லவர்தான். ஆனால் வகுப்பு முடிந்ததும், "கொழந்தை சமத்துதான். சிரத்தைதான் போறலை. நான் சொல்லிக்குடுக்கறச்சே எங்கேயோ பாத்துண்டு உக்காந்திருக்கா" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் மகளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் முகாம். விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் நாம் பக்கத்தில் இல்லாதபோது இவள் எப்படித்தான் இருப்பாள் என்று பார்க்க ஆசை வந்தது. பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வேப்ப மரத்தின் பின்னால் நின்றுகொண்டேன்.

ஒரு விளையாட்டு தொடங்கியது. நடுவில் நிற்கும் குழந்தைக்குக் கண்ணைக் கட்டுவார்கள். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் கைதட்டுவார். சத்தம் வந்த பக்கம் போய் அவரைத் தொட வேண்டும். என் பெண்ணின் முறை வந்தது. இடப்பக்கமிருந்து ஒரு பையன் தட்டினான். இவள் வலப்பக்கம் நடந்தாள். மறுபடி இடப்பக்கம் தட்டினார்கள்; மறுபடியும் வலப்பக்கமே போனாள். பிள்ளைகள் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

விளையாட்டை நடத்திய பெண் மட்டும் சிரிக்கவில்லை. இருபது வயதுகூட இருக்காது. இவளை ஓரமாக அழைத்துப்போய், கண்கட்டை அவிழ்க்காமலே ஒவ்வொரு காதருகிலும் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். பிறகு இங்குமங்கும் பார்த்து என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் பாப்பாவோட அப்பாங்களா? அவளுக்கு எடது காது கேக்கலைன்னு நினைக்கிறேன் சார். டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்களே, வீட்டுல நல்லாத்தானே கேக்குது" என்றேன். சொல்லும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. நாளெல்லாம் இரும்புச் சத்தத்தில் வேலை செய்கிறவன் நான். வீட்டிலும் கத்தித்தான் பேசுவேன்.

மகளிடம் போய்க் கண்கட்டை அவிழ்த்து, மண்டியிட்டு, "ஏன் கண்ணு, இந்தக் காது கேக்கலைன்னு அப்பாகிட்ட சொல்லவே இல்லையே?" என்று கேட்டேன்.

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். "எல்லாருக்கும் ஒரு காதுதானேப்பா கேக்கும்?"

பெரியாஸ்பத்திரி டாக்டர் சோதித்துப் பார்த்தார். மூன்று வயதில் வந்த பொன்னுக்குவீங்கியில் அந்தக் காதின் நரம்பு போயிருக்க வேண்டும், இனி திரும்பாது என்றார். வகுப்பில் முன்வரிசையில், இடப்பக்க ஓரமாக உட்காரவையுங்கள், வலது காது ஆசிரியர் பக்கம் இருக்கும் என்றும் சொன்னார். அவ்வளவுதான் வைத்தியம். அன்றிரவு என் மனைவி அழுதாள். நான் அடித்த அடி என் கையிலேயே எரிந்தது.

எங்கே சேருகிறாய் என்று மகளிடமே கேட்டோம். முகாம் என்றாள். மே முடியும்வரை தினமும் காலையில் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். ஜூனில் பள்ளி திறந்ததும் முன்வரிசையில் இடம் கேட்டு வாங்கினேன். பிடிவாதக்காரி என்ற பேச்சு அதோடு நின்றது.

அந்தக் கல்லூரிப் பெண்ணை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. ஆனால் எந்தக் குழந்தையாவது கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால், எனக்கு இன்றும் கோபம் வருவதில்லை. ஏன் என்ற கேள்விதான் வருகிறது.