வைக்கோல் கட்ட வந்த சபை

போன சித்திரையில் எங்கள் மாடுகளை விற்றுவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஆண்டவர் அந்த இக்கட்டிலிருந்து எங்களைத் தூக்கிவிட்ட விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் அழுகை வரும், கூடவே சிரிப்பும் வரும்.

என் பெயர் கிரேஸ். பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து கல்கத்தாதான். வீட்டுக்காரர் சுடலைமுத்து ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாந்த்ராகாச்சியைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் எங்கள் மாட்டுப் பண்ணை. பாலிகஞ்சில் நம்முடைய ஆட்கள் நடத்தும் டிபன் கடைகளுக்குக் காபிக்கும் தயிருக்கும் எங்கள் பால்தான் போகிறது. அவருக்குச் சாமி, சபை எதுவும் கிடையாது. நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை டாலிகஞ்சில் கூடும் தமிழ் சபைக்குப் போவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் பால் கறக்க ஓடிவந்துவிடுவேன். யாரோடும் நின்று பேசியது கிடையாது. சேலையில் சாணி வாடை இருக்குமோ என்று ஒரு கூச்சம்.

மாட்டுக்கு மழைக்காலம் முழுக்க வைக்கோல் வேண்டும். அதற்கு முந்தின வருஷம் சேர்த்து வைத்ததெல்லாம் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. தீனி இல்லாமல் நல்ல மாடுகளை விற்றோம். வண்டியில் ஏற்றும்போது லட்சுமி என்கிற மாடு திரும்பித் திரும்பி என்னையே பார்த்தது. “இந்த வருஷமும் போச்சுன்னா மிச்சத்தையும் வித்துட்டு ஊருக்குப் போயிருவோம்ளா” என்று அவர் சொல்லிவிட்டார். அந்த மாடுகள் இல்லாமல் நான் என்ன செய்வேன்? எங்களுக்குப் பிள்ளை கிடையாது.

அன்று சனிக்கிழமை. அறுத்த வயலில் பரப்பிய வைக்கோல் புரட்டிப் புரட்டி நன்றாகக் காய்ந்திருந்தது. அதைக் கட்டுக் கட்டாகக் கட்டுவதற்கு அவர் ஒரு பழைய மெஷின் வாங்கி வைத்திருந்தார். டிராக்டருக்குப் பின்னால் பூட்டினால் வைக்கோலை அள்ளி, அழுத்தி, கயிறு போட்டுக் கட்டி வெளியே தள்ளும். காலையில் நாலு கட்டு போட்டது. அப்புறம் முடிச்சுப் போடுகிற கொக்கி உடைந்துவிட்டது. கட்டாத வைக்கோலாகவே கொட்ட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, நான் பௌதி (அண்ணி) என்றுதான் கூப்பிடுவேன், வேலியோரம் வந்து வானத்தைக் காட்டி, “பிகேலே ஜோர் ஆஷ்பே, திதி” என்றார். சாயங்காலம் புயல் வருமாம். ஊரில் அறுப்பு நேரம், கூலிக்கு ஒரு ஆள் கிடையாது. நாங்கள் இரண்டு பேர் கையால் கட்டி எந்தக் காலத்தில் முடிக்க?

“உங்க ஆண்டவர்ட்ட ஒரு கொக்கி கேளு” என்று சொல்லிவிட்டு அவர் மெஷினுக்கு அடியில் படுத்துவிட்டார்.

நான் கொட்டகைக்குப் பின்னால் போய் முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, அந்த மெஷினை ஓட வையும். வேறொன்றும் கேட்கவில்லை” என்று அழுதேன். மனசு ஆறவில்லை. சபையின் ஜெபக்குழுவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. போனைத் தொட்டி மேல் வைத்துவிட்டு வயலுக்குப் போய்க் கையால் கட்ட உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் வாசலில் வரிசையாக டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாக்கள் வந்து நின்றன. வெள்ளைச் சட்டையில் பாஸ்டர் ஐயா. எங்களிடம் பால் வாங்கும் டிபன் கடை செல்வராஜ் அண்ணன், அவருக்குத்தான் எங்கள் பண்ணைக்கு வழி தெரியும். பேங்கில் வேலை பார்க்கும் மெட்டில்டா அக்கா. பின்னால் இன்னும் ஒரு கூட்டம். கையில் ஆப்பிள், பிரெட், இளநீர், ஒரு ஃபிளாஸ்கில் கஞ்சி. மெட்டில்டா அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம வயலுக்கு எதுக்கு வந்த கிரேஸ்? அண்ணன் எங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையை நீட்டினேன். மெஷினுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் அசையாமல் நீட்டிக்கொண்டிருந்தன. “இயேசப்பா” என்று அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு இவர் ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

“யாரு செத்துட்டா?” என்றார்.

அப்புறம்தான் விளங்கியது. நான் அனுப்பியதில் அழுகைதான் இருந்திருக்கிறது. ‘சாயங்காலத்துக்குள் ஆண்டவர் இரங்காவிட்டால் எங்கள் குடும்பம் அவ்வளவுதான்’ என்று சொன்னவள் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு நெஞ்சுவலி என்று நினைத்துக் கடையை அடைத்து, லீவு போட்டு ஓடி வந்திருக்கிறார்கள். எனக்கு மானம் போயிற்று. விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றேன்.

செல்வராஜ் அண்ணன்தான் முதலில் சிரித்தார். “மனுஷன் கல்லு மாதிரி இருக்காரு, ஸ்தோத்திரம். இவ்வளவு தூரம் வந்தாச்சு, என்ன செய்யணும்னு சொல்லும்மா.”

“ஐயா, நீங்க ஜெபம் பண்ணிட்டு நிழல்ல உக்காருங்க. இது உங்களால ஆகாது” என்றார் இவர் பாஸ்டர் ஐயாவிடம்.

“ஜெபமெல்லாம் ரயில்லயே முடிச்சாச்சு அண்ணாச்சி. கயிறு எங்க?” என்று ஐயா சட்டைக் கையை மடித்தார்.

பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டினோம். ஆண்கள் சுமந்தார்கள். பௌதியும் மருமகள்களும் பொரி மூட்டையோடு வந்து சேர்ந்தார்கள். உடம்பெல்லாம் அரிப்பு. கொண்டையெல்லாம் வைக்கோல். பாட்டு நிற்கவே இல்லை. தமிழ் தெரியாத பௌதியும் ராகத்தைப் பிடித்துக்கொண்டார். பிரெட் பொட்டலத்தை ஒரு கன்றுக்குட்டி காகிதத்தோடு இழுத்துக்கொண்டு ஓட, பாஸ்டர் ஐயா அதைத் துரத்தினார். “திங்கக்கிழமை பேங்குல முதுகு ஏன் வளைஞ்சிருக்குன்னு கேப்பாங்க, மாட்டுக்கு ஊழியம் செஞ்சேன்னு சொல்லப்போறேன்” என்றார் மெட்டில்டா அக்கா. இவர் மட்டும் ஒரு இரும்புத் துண்டை அராவி அராவி, “இந்தா இப்போ ஓடிரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நோயாளிக்குக் கொண்டுவந்த கஞ்சியை முழுக்க அவரே குடித்துத் தீர்த்தார்.

சாயங்காலம் வடமேற்கே வானம் கறுத்தது. புழுதிக் காற்று கிளம்பியது. செல்வராஜ் அண்ணன் கடைசிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். கொட்டகைக் கதவைச் சாத்தினோம். மழை கொட்டியது. ஒரு வைக்கோல் தாள்கூட நனையவில்லை. மாட்டோடு மாடாக எல்லாரும் நின்றுகொண்டிருந்தபோது, வெளித்தாழ்வாரத்தில் டிராக்டர் உறுமியது. இவர் கொக்கியை மாட்டி ஓட்டிப் பார்க்கிறார். மெஷின் அழகாக முடிச்சுப் போட்டது. கட்டத்தான் வைக்கோல் இல்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

நான் கேட்டது மெஷின் ஓட வேண்டும் என்று. ஆண்டவர் அதையும் தந்தார், எல்லாம் முடிந்த பிறகு. மத்தியானமே தந்திருந்தால் நான் இன்றும் கடைசி பெஞ்சில்தான் இருந்திருப்பேன். இப்போது என்னை ஓட விடுவதில்லை. நிறுத்தி வைத்துப் பேசுகிறார்கள். அந்த வைக்கோல் மழைக்காலம் முழுக்க வந்தது. ஒரு மாடும் விற்கவில்லை. ஊருக்குப் போகிற பேச்சையும் இவர் எடுப்பதில்லை.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஏதோ ஒன்று நின்று போயிருக்கலாம். அழுது ஜெபியுங்கள், அதில் வெட்கம் இல்லை. கேட்டது அப்படியே வரவில்லையே என்று சோர்ந்துபோகாதீர்கள். அவர் யாரையாவது அனுப்பியிருப்பார். நம்புங்கள்.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “நானும் வாரேன்” என்று இவர் தானாகச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்தும் நின்றுவிட்டார். என்ன சொல்லி வைப்பாரோ என்று எனக்குப் பகீரென்றது.

“வர்ற சனிக்கிழம வைக்கோல் கட்டுறோம்” என்றார். “மெஷின் நல்லாத்தான் ஓடுது. ஆனாலும் நீங்க எல்லாரும் வரணும்.”

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆமென் சொல்லி முடிக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. சபை முழுக்கச் சேர்ந்து அவருக்காகச் சொன்னது.