டோக்கனுக்குப் பயந்த கெண்டைக்கால்

பனியன் கம்பெனி வாசலில் சங்க நோட்டீஸ் கொடுக்கிறவன், ஆட்களின் முகத்தைவிடக் காலைத்தான் அதிகம் பார்க்கிறான்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு கம்பெனி. முதலில் அயர்ன் மேசையருகே இருந்த முக்காலிகளை எடுத்தார்கள். அடுத்து, டீ நேரத்தைச் சுருக்கினார்கள். அதற்கடுத்து, கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்கச் சொன்னார்கள். கடைசியாக, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வருகிறார் என்று, ஷிப்டுக்கு முன்னால் எல்லோரையும் முற்றத்தில் குதிக்கவைத்தார்கள்; உடற்பயிற்சியாம், தொழிலாளர் ஆரோக்கியமாம். நின்றே வேலை பார்க்கும் தோழர்களே, மிச்சம் உங்கள் கெண்டைக்காலுக்கே தெரியும்.

நிரம்பிய பாட்டில்

அயர்ன் செக்‌ஷன் முத்துலட்சுமி தென்காசிப் பக்கத்துக்காரி. குதித்துவிட்டு மேசைக்குப் போனவள் சதை பிடித்து விழுந்தாள். மறுபடி விழுந்தால் வேலையில்லை என்றுவிட்டார் மேனேஜர். சாயங்காலம் வாசலில் நோட்டீஸ் கொடுக்கும்போது பார்த்தால், அவள் தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே இருந்தது. ஏன் என்றேன்.

"குடிச்சா டோக்கன் கேக்கணும்லா அண்ணாச்சி. அத்தனை ஆம்பிளையாளுவ முன்னால கைநீட்டி நிக்கதுக்குக் கால் வலியே தேவலை."

டாக்டர்

நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைகள். அவற்றில் கூலி உண்டு, சதையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஓய்ந்துபோன சதையைக் குதிக்கவிட்டால், சுருங்கச் சொன்ன நரம்பு நிறுத்தச் சொல்ல மறந்துவிடுமாம். வியர்வையில் தண்ணீரும் உப்பும் போனால் சிலருக்கு இன்னும் சுலபமாகப் பிடிக்குமாம். முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாதாம்.

"பிடிச்சா காலை நீட்டி, விரலை முழங்கால் பக்கமா இழுங்கம்மா. தண்ணி குடிங்க. டோக்கனுக்கு மட்டும் என்கிட்ட மாத்திரை இல்லீங்க."

பையர் வந்த நாள்

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் குதித்துக்கொண்டிருந்த அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையரின் கார் உள்ளே நுழையும்போதே அவள் சாய்ந்தாள். பக்கத்தில் நின்ற செக்கிங் சரசு, அவள் பாதத்தை மடியில் வைத்து இழுத்துவிட்டாள். பையரோடு வந்தவர் விசாரிக்க, மேனேஜர் சிரித்தபடி சொன்னார்:

"அந்தம்மா நம்ம கம்பெனி ஆளே இல்லீங்க."

வாசலில்

மறுநாள் வாட்ச்மேன் அவளை மறித்தார். அப்படியொரு பெயரே இல்லையாம். வேலைக்குச் சேர்ந்த கடிதம் இங்கே யாருக்குத் தருகிறார்கள்? இப்படி ஒருவர் வெளியே நிற்க, மற்றவர்கள் தலைகுனிந்து உள்ளே போனதை எத்தனையோ தடவை பார்த்தவன் நான். நோட்டீசின் பின்பக்கம் அவள் பெயரை எழுதி, கூட்டத்தைப் பார்த்து உரக்க வாசித்தேன்: "முத்துலட்சுமி, அயர்ன் செக்‌ஷன். தெரிஞ்சவங்க சொல்லுங்க!" பெல் அடித்தது. யாரும் உள்ளே போகவில்லை. அப்புறம் சரசு முன்னால் வந்தாள்.

"எங்க முத்துலட்சுமிதானுங்க. அவ வராம நாங்க உள்ள போறதில்லீங்க."

ஒருத்திக்குக் கால் பிடித்ததைக் கம்பெனியை ஒப்புக்கொள்ள வைக்கப் போன எனக்கு, அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள்ளேயே தொண்டை கட்டிவிட்டது.