பாக்கர் காக்காவின் நாடி

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தன் இடக்கை நாடியைத் தானே பிடித்துக்கொண்டு, பாய்மரத்தின் உச்சியையே பார்க்கிறார் பாக்கர் காக்கா. "ம், தள்ளுங்கப்பா!" நாலு பேர் தோணியின் விலாவை அமுக்கி விடுகிறார்கள். பாய்மரம் ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்குள் நாடி நாலு முறை துடித்தால், கீழக்கரையிலிருந்து கொழும்புக்குத் தோணி கிளம்பலாம். ஆறு என்றால் மேல்பாரம் அதிகம். சரக்கை இறக்கி, அடியில் கல் போட வேண்டும்.

"வெடுக்கு வெடுக்குன்னு ஆடுனா பயமில்ல வாத்தியாரே. யோசிச்சு யோசிச்சு ஆடுது பாருங்க, அதுதான் கவுத்துரும்."

மெதுவாகத் தள்ளினால் எண்ணிக்கை குறையாதா என்று மேதாவி மாதிரி கேட்டேன்.

"எப்படித் தள்ளுனாலும் நாலு நாலுதான். சாயிற தூரந்தான் கூடும், கொறையும்."

வகுப்பில் ஊசலை ஆட்டிக் காட்டி நான் ஒரு வாரம் மல்லுக்கட்டும் பாடம் இது. என் கைக்கடிகாரத்தை நீட்டினேன். "அதுக்கு நீங்க சாவி கொடுக்கணும். இதுக்கு அல்லா சாவி கொடுத்துருக்கான்" என்று மணிக்கட்டைத் தட்டினார். மனுஷனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அதற்கு அடுத்த மாதம், அவருடைய ஒரே மகன் கபீர் முதல்முறையாகத் தோணியில் வேலைக்குப் போகும் நாள். பாக்கர் எண்ணினார்: ஏழு. மேலே அடுக்கியிருந்த ஓடுகளை இறக்கச் சொன்னார். ஏழு. கல் போடச் சொன்னார். அட, அப்போதும் ஏழு! "என் மவனை இதுல ஏத்த மாட்டேன்!" என்று கத்தினார். தோணித் தலைவர் சதக்குக்குப் பொறுமை போய்விட்டது. தண்ணீரில் குதித்து வந்து பாக்கரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"காக்கா, தோணி ஒழுங்காத்தான் ஆடுது. உங்க நாடிதான் குதிரையாட்டம் ஓடுது."

பாக்கரின் முகம் செத்துவிட்டது. முப்பது வருஷமாக நம்பிய கை. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கபீர் பக்கத்தில் வந்து நின்றான். "என் கையில எண்ணுங்க வாப்பா. எனக்குப் பயமில்ல."

மகனின் மணிக்கட்டைப் பிடித்தார். மறுபடியும் தள்ளினார்கள்.

"நாலு" என்றார்.

சதக் பாயை விரிக்கச் சொன்னார். ஆட்டம் குறைந்து குறைந்து தோணி அசையாமல் நின்றது. பாக்கர் மட்டும் மகனின் கையை விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.