ஒரு ‘ங்க’வும் ஒரு குளமும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. குளம் வெட்டும் முகாம்களில் என்னிடம் மண்வேலை கற்றுக்கொண்டவர்களைச் சேர்த்தால் எண்ணி முடியாது. குளம், வாய்க்கால் சீர்செய்யப் பயிற்சிக்கு வருகிற இன்றைய பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். எழுதுவது என் பேத்தி.

1. முதல் கூடை

கூத்தாநல்லூர் பக்கம் எங்கள் ஊர். மிராசுதார்களுக்கும் கூலியாட்களான எங்களுக்கும் நடந்த கூலிச் சண்டை ஓய்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அறுவடைக்கு வெளியூர் ஆளை இறக்கியது, போலீஸ் வந்தது, எல்லாம் அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. அந்த நேரத்தில் ஒன்றிய ஆபீசிலிருந்து இளைஞர் பயிற்சி முகாம் போட்டார்கள். ஆகாயத்தாமரை மண்டித் தூர்ந்து கிடந்த குளத்தை வெட்ட வேண்டும், கரையில் மருதும் புன்னையும் வைக்க வேண்டும். மிராசு தெருப் பிள்ளைகள் பாதி, எங்கள் தெருப் பிள்ளைகள் பாதி. நடவுக்கு ஆள் கட்டி வேலை வாங்கிப் பழகியவள் என்பதால் என்னை மேஸ்திரியாகப் போட்டார்கள்.

மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் வேலை முடிய வேண்டும். வந்துவிட்டால் குளம் நிறைந்துவிடும். அடுத்த கோடைவரை சேறு சேறாகவே கிடக்கும்.

பள்ளத்திலிருந்து கரைவரை ஒரே வரிசை. கூடை கைமாறி மேலே போக வேண்டும். எனக்குக் கீழே நின்றது பெரிய மிராசுதார் மகன் குமரவேல். மீசை அரும்பிய வயது.

“ஏய், இந்தா” என்றார். நான் பிடிப்பதற்குள் கையை விட்டுவிட்டார். ஈரமண் முழுவதும் என் காலில் விழுந்தது.

“புடிக்கத் தெரியாதா ஒனக்கு?” என்று சிரித்தார்.

வரிசையை நிறுத்தினேன். “எல்லாரும் கேட்டுக்குங்க. குடுக்குறவங்க ‘புடிங்க’ன்னு சொல்லணும். வாங்குறவங்க ‘வாங்கிட்டேங்க’ன்னு சொல்லணும். அதுக்கப்புறந்தான் கைய விடணும்.”

அந்தக் காலத்தில் மிராசு தெருவில் நண்டுசிண்டுகூட எங்களை ‘வா, போ’ என்றுதான் கூப்பிடும். நாங்கள்தான் ‘சின்னய்யா’ என்போம்.

“ஒன்னப் போயி நான் ‘ங்க’ போட்டுக் கூப்புடணுமா?”

“என்னை வேணாம் தம்பி. கூடையக் கூப்புடுங்க.”

எங்கள் தெருப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சேற்றிலிருந்து ஏறிவிட்டார். பின்னாலேயே அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஏறிப்போய்ப் பூவரச நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

2. இரண்டு வரிசை

முகாம் ஆபீசர் ஓடி வந்தார். “என்னம்மா இது? தெருவுக்கு ஒரு வரிசையா நிறுத்திடுங்களேன்.”

“ரெண்டாப் பிரிச்சா ஒண்ணும் கரைக்கு எட்டாது சார். பாதியில நின்னு மண்ணத் திங்கவா?”

“அப்ப மேஸ்திரிய மாத்த வேண்டியிருக்கும்.”

“மாத்துங்க. யாரு வந்தாலும் ஒரு வரிசைதான் எட்டும்.”

அவர் திரும்பிப் போய்விட்டார். நாங்கள் மட்டும் கூடை மாற்றிப் பார்த்தோம். நடுச்சரிவில் ஆள் இல்லை. அந்த இடத்தில் கூடையோடு ஏறினவர்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். மதகு பார்க்கிற லஸ்கர் சைக்கிளில் வந்து, “இன்னும் எட்டே நாளுல நம்ம மதகுக்குத் தண்ணி வந்துரும். சீக்கிரம் முடிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் சொன்ன வார்த்தையை நான் திருப்பி எடுக்கவில்லை.

நிழலில் இருந்த வசந்தா, குமரவேலின் சித்தப்பா மகள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். “கோடையில ஒங்க மாடு எங்கண்ணே தண்ணி குடிக்கும்? ‘புடிங்க’ன்னு சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?”

தங்கை சேற்றில் நிற்கும்போது அண்ணன்மார் எவ்வளவு நேரம் நிழலில் இருப்பார்கள்? ஒவ்வொருவராக இறங்கினார்கள். குமரவேல் கடைசி. காலியாக இருந்தது எனக்குக் கீழே உள்ள இடம்தான்.

கூடையை நீட்டினார். “புடி” என்றார்.

நான் கூடையைப் பிடித்தேன், இழுத்துக்கொள்ளவில்லை. வரிசை முழுவதும் எங்களையே பார்த்தது. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவரும் கையை விடவில்லை, நானும் விடவில்லை.

“காதுல விழலை தம்பி.”

“...ங்க” என்றார்.

“வாங்கிட்டேங்க.”

வசந்தாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும், குமரவேலும்கூட. அதற்கப்புறம் ‘புடி’யையே விட்டுவிட்டார்கள். ‘ங்க! ங்க!’ என்ற சத்தத்திலேயே கூடைகள் கரையேறின. எட்டாம் நாள் தண்ணீர் வந்தபோது வேலையை முடித்து நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது வைத்த மருதில் இன்றைக்குக் கொக்கு கூடு கட்டுகிறது.

பிள்ளைகளே, மண்வேலையில் நான் கற்றது இதுதான்: வாங்குகிறவர் வாயைத் திறந்து சொல்லும்வரை கையை விடக்கூடாது.

எங்கடி, எழுதினதப் படிச்சுக் காட்டு. ‘புடி’ தனியா, ‘ங்க’ தனியா இருக்கா? நடுவுல இன்னும் கொஞ்சம் எடம் விடு. அந்த எடத்துலதான் கூடை ரெண்டு பேர் கையிலயும் இருந்துச்சு. ம், இப்பப் படி.